இடக்கரடக்கலும் ஒரு தோட்டமும்

செப்டிக் டாங்கின் மேல் தோட்டம் போடலாமா என்பது தோட்டக்கலைக் கேள்வி என்றுதான் பொதுவாக எண்ணப்படுகிறது. அந்த அளவில் அதற்குச் சிக்கலில்லாத பதில்களும் உண்டு. புல் போடலாம், அதன் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். மரம் கூடாது; ஈரத்தைத் தேடிப் போகும் வேர் சுவரின் விரிசலுக்குள் நுழைந்து அதைப் பிளந்துவிடும். மண்ணை மலையாகக் கொட்டக் கூடாது, ஸ்லாப் தாங்காது. உறிஞ்சு குழியின் ஓரத்தில் கல்வாழை செழித்து வளரும். இவ்வளவும் சரி. ஆனால் இவற்றுக்குப் பிறகும் ஒரு கேள்வி மீந்து நிற்கிறது. அது ஒழுக்கம் சார்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒன்றை அழகால் மூடும்போது யாருடைய கண்ணிலிருந்து அதை மூடுகிறோம்?

மூடுவதெல்லாம் பாசாங்கு என்ற கட்சியைச் சேர்ந்தவனல்ல நான். நவீன எழுத்துக்காரர்களான நமக்கு அந்தக் கட்சியில் ஒரு மயக்கம் இருந்து வந்திருக்கிறது. மூடியைத் திறந்து காட்டுவதே உண்மை, நாற்றத்தை எழுதிவிட்டாலே தைரியம் என்று. நம் இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடச் சூட்சுமமானவர்கள். இடக்கரடக்கல் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டு, மங்கலத்தோடும் குழூஉக்குறியோடும் சேர்த்து அதைத் தகுதி வழக்கில் வைத்திருக்கிறது நன்னூல். 'கால் கழுவி வந்தான்' என்றால் யாரும் அவன் காலைப் பார்ப்பதில்லை. சொல் மறைக்கிறது, பொருள் மறைவதில்லை. அடக்கப்பட்டது இன்னதென்று சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். அந்த உடன்பாட்டின் பெயர்தான் நாகரிகம். உடன்பாடு போய்விட்டால் மிஞ்சுவது பொய்.

தோட்டத்தை இந்த அளவுகோலால் பார்க்க விரும்புகிறேன். அதற்கு முன்னால் தொட்டி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் உருவான சாதனம் அது. செப்டிக் என்ற பெயருக்கு அர்த்தம் அழுகுதல். காற்றில்லாத இருட்டில் நுண்ணுயிர்கள் தின்கின்றன; தின்றது போக மிச்சம் கசடாக அடியில் படிகிறது; எண்ணெயும் கொழுப்பும் ஏடாக மேலே மிதக்கின்றன; நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி மண்ணுக்குள் இறங்குகிறது. கசடு எங்கும் போவதில்லை. 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை எடுத்தாக வேண்டும். தொட்டி கழிவுக்குத் தவணை சொல்லி வைக்கிறது, அவ்வளவுதான். தவணை முடியும் நாளில் அதற்கு ஒரு வாய் வேண்டும்.

நம் வீடுகள் மூடுவது அந்த வாயை. மூடியின் மேல் சிமெண்ட் பூசுகிறோம், டைல்ஸ் ஒட்டுகிறோம், பாத்தி கட்டி ரோஜா வைக்கிறோம். வாயுக் குழாயின் மேல் மணிபிளாண்ட் ஏற்றுகிறோம். வீடு கை மாறியதும், வாய் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. வருஷக்கணக்கில் எடுக்காத கசடு இறுகிப்போகிறது. லாரி வந்து குழாயை விட்டாலும் மேல்நீர்தான் ஏறுகிறது. அப்போது ஸ்லாப்பை உடைக்கவும், உள்ளே இறங்கிக் கிளறிவிடவும் ஒரு மனிதனைத் தேடுகிறோம். அவன் எந்தச் சேரியிலிருந்து வருவான் என்பதில் இந்த நாட்டில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். அளவு மிகும்போது அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் இடத்தில் மரணம் இருக்கிறது. முதலில் இறங்கியவன் விழுகிறான். தூக்க இறங்கியவனும் விழுகிறான். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. உருவகமாக்கிக்கொள்ளும் சௌகரியம் மேலே நிற்பவர்களுக்கு மட்டுமே உண்டு.

சட்டம் இருக்கிறது. கையால் மலம் அள்ள வைப்பதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. சாக்கடையையும் செப்டிக் டாங்கையும் பாதுகாப்பின்றிச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அது வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. முதல் தடவைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை உண்டு. 1993க்குப் பின் இவ்விதம் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தரும்படி 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் சாக்கடை மரணங்களுக்கான அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. சட்டத்தின் முன் நாம் சொல்வது ஒன்றுதான்: எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை நாமே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறோம்.

ஆகவே தோட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மலத்தின் மேல் பூ பூப்பதில் எனக்கு எந்தத் தத்துவச் சங்கடமும் இல்லை. பூமியே அப்படித்தான் இருக்கிறது. மூடி மட்டும் தெரிய வேண்டும். பச்சைப் புல்லின் நடுவில் ஒரு சதுரச் சிமெண்ட், பார்வைக்கு உறுத்தலாக, அங்கேயே இருக்கட்டும். அதிகம் போனால் அதன் மேல் ஒரு பூந்தொட்டி வைக்கலாம், ஒரு கையால் நகர்த்தக் கூடியதாக. என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. திரும்பட்டும், கேட்டவருக்குத் தெரிந்துவிட்டது.