யாரிடம் சொல்கிறோம்?

உண்மையைச் சொல்வது எப்போதேனும் குற்றமாகுமா? பொய்யுரைத்தல் தவறு என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். இல்லாத பழியை ஒருவர்மேல் ஏற்றுவது அதனினும் கொடிது என்பதிலும் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒருவர் குடித்துத் தடுமாறியது உண்மை. பலர் காண அழுதது உண்மை. மனநலத்திற்கு மருத்துவம் பெற்றதும் உண்மை. இவற்றை ஊரறியச் சொல்பவரைப் பார்த்து, ‘நீர் செய்தது தவறு’ என்று எந்த அடிப்படையில் நாம் கூற முடியும்? ‘நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே’ என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை உண்டா?

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. இங்கிலாந்தின் கால்பந்து இரசிகர்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஆட்டக்காரரை முன்னிட்டு இதைத் தமக்குள் வாதிட்டு வருகின்றனர். அவர் பெயர் பால் காஸ்கோயின். ‘காஸா’ என்பது மக்கள் அவரை அழைக்கும் செல்லப்பெயர். அவரைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், அவருடைய ஆட்டத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு, அவருடைய வீழ்ச்சிக்கும், அதை விற்றுப் பிழைத்த செய்தித்தாள்களுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. அப்பேச்சைச் சற்றே ஆராய்ந்து பார்த்தால், அதில் நமக்கும் பங்குண்டு என்பது விளங்கும்.

காஸ்கோயின் 1967ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள கேட்ஸ்ஹெட் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். டைன் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நியூகாசில் அணியில் ஆடத் தொடங்கி, 1988இல் இலண்டனின் டாட்டன்ஹாம் அணிக்கும், 1992இல் இத்தாலியின் லாட்சியோ அணிக்கும், 1995இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணிக்கும் சென்றார். நாட்டு அணிக்காக அவர் ஆடியவை 57 ஆட்டங்கள். அடித்தவை 10 கோல்கள். எண்களை மட்டும் நோக்கினால் அவரினும் பெரியவர் பலர் உளர். ஆனால் அவர் ஆடியதைக் கண்டவர்கள் எண்களைப் பற்றிப் பேசுவதில்லை. எதிரணியினர் சூழ்ந்து நிற்கும் இடத்தில் தோளை ஒருபுறம் சாய்த்துப் பந்தை மறுபுறம் கொண்டு சென்ற நுட்பத்தையும், ஆட்டத்தினிடையே குழந்தையைப் போல் குறும்பு செய்து சிரித்த முகத்தையும் பற்றியே பேசுகின்றனர். பயிற்சியால் வருவது ஒன்று. கொடையாக வாய்ப்பது ஒன்று. அவரிடம் மக்கள் கண்டு மகிழ்ந்தது கொடையை.

1990 சூலை 4ஆம் நாள், இத்தாலியின் டூரின் நகரில் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஆளுக்கொரு கோல் அடித்திருக்க, கூடுதல் நேரம் நடந்துகொண்டிருந்தது. காஸ்கோயினுக்கு அப்போது வயது 23. பந்தைப் பறிக்கப் பாய்ந்தவர் ஜெர்மன் வீரர் ஒருவரை வீழ்த்திவிட, நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தினார். அத்தொடரில் அவருக்கு அது இரண்டாவது மஞ்சள் அட்டை. தம் அணி வென்றாலும் இறுதி ஆட்டத்தில் தமக்கு இடமில்லை என்பது அந்நொடியே அவருக்கு விளங்கிற்று. உதடு துடித்தது, கண்கள் கலங்கின. அன்று இங்கிலாந்து பெனால்டி உதைகளில் 3-4 என்று தோற்றது.

அந்தச் சில நொடிகளில் இரு பார்வைகள் அவர்மேல் விழுந்தன. ஒன்று தொலைக்காட்சிக் கேமராவின் பார்வை. அது அந்த இளைஞரின் முகத்தை நெருங்கிச் சென்று உலகுக்குக் காட்டிற்று. மற்றொன்று சக வீரர் கேரி லினேக்கரின் பார்வை. அவர் அந்த முகத்தைப் பார்த்தார். உடனே களத்துக்கு வெளியே இருந்த பயிற்சியாளர் பாபி ராப்சன் பக்கம் திரும்பினார். தம் கண்ணைச் சுட்டிக் காட்டி, இவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று குறிப்பால் உணர்த்தினார். இரண்டு பார்வையும் ஒரே உண்மையைக் கண்டன. கண்டதைப் பிறருக்குத் தெரிவிக்கவும் செய்தன. லினேக்கர் தெரிவித்தது உதவக்கூடிய ஒருவருக்கு. கேமரா தெரிவித்ததோ, பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத கோடிக்கணக்கானோருக்கு.

கேமராவைப் பழிப்பதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அந்தக் கண்ணீரைக் கண்டதனால்தான் ஒரு நாடே அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் அன்றே வேறொன்றும் வெளிப்பட்டுவிட்டது: இம்மனிதரின் ஆட்டத்தைப் போலவே இவருடைய துயரமும் விலைபோகும் என்பது. அதன்பின் அவர் வாழ்வில் நிகழ்ந்தவை எல்லாம் செய்தியாயின.

1991ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் தாமே செய்த ஒரு முரட்டுப் பாய்ச்சலில் முழங்கால் தசைநார் அறுந்து, அவர் நெடுநாள் ஆட முடியாமற்போயிற்று. 1996இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டிக்கு முன்னர் ஹாங்காங்கில், நாற்காலியில் சாய்ந்த வீரர்களின் வாயில் மது ஊற்றப்பட்ட படங்களை ஏடுகள் வெளியிட்டு அணியையே தூற்றின. சில நாள்களில், சூன் 15 அன்று, வெம்பிளி அரங்கில் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டம். காஸ்கோயின் இடக்காலால் பந்தைத் தற்காப்பு வீரர் காலின் ஹென்ட்ரியின் தலைக்கு மேலாகத் தூக்கிவிட்டு, அது தரையைத் தொடுமுன் வலக்காலால் உதைத்துக் கோலாக்கினார். பிறகு புல்தரையில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்தார். தோழர்கள் புட்டியிலிருந்த தண்ணீரை அதில் பீய்ச்சினர். தம்மைத் தூற்றிய ஏடுகளுக்கு அவர் சிரித்துக்கொண்டே தந்த விடை அது. 1998இல் உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் ஆட்டம் குறைந்தது; குடி மிகுந்தது; ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் செல்ல நேர்ந்தது. ஏடுகள் மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

இதில் நம் நெஞ்சை மிகவும் உறுத்துவது 2015ஆம் ஆண்டு இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வெளிவந்த செய்தி. மிரர் குழும நாளேடுகளைச் சார்ந்தோர், காஸ்கோயினின் தொலைபேசியில் பதிவான குரல் செய்திகளைப் பல ஆண்டுகள் களவாகக் கேட்டுச் செய்தி எழுதியிருந்தனர். நீதிமன்றம் அவருக்கு 1,88,250 பவுண்டு இழப்பீடு வழங்கியது. தம் தொலைபேசியை யாரோ ஒட்டுக் கேட்கின்றனர் என்று அவர் முன்னரே ஐயுற்றிருந்தார். தொலைபேசிகளை அடிக்கடி மாற்றினார். ஆனால் அது அவருடைய மனப்பிரமை என்றே பிறர் கருதியதாகச் சாட்சிக் கூண்டில் நின்று வேதனையோடு கூறினார். அவருடைய மனக்கலக்கத்தைச் செய்தியாக்கியவர்களே அக்கலக்கத்திற்கு ஒரு காரணமாகவும் இருந்திருக்கின்றனர்!

இனி இரசிகர்களின் பேச்சுக்கு வருவோம். ஒரு சாரார், ‘ஏடுகளே அவரை அழித்தன’ என்பர். மறு சாரார், ‘குடித்தவர் அவர்தாமே? யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லையே’ என்பர். மூன்றாமவர் பெருமூச்சுடன், ‘இவர் ஒழுங்காக இருந்திருந்தால் எவ்வளவு உயர்ந்திருப்பார்!’ என்பர். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மூவரும் தொடாமல் விட்ட ஒரு கேள்வியும் உண்டு. அந்த ஏடுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்?

முதலில், ‘உண்மையைத்தானே எழுதினோம்’ என்னும் வாதத்தை எடுத்துக்கொள்வோம். வள்ளுவர் பொய் பேசாதிருக்க வேண்டுமென வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனோடு அமையாமல், புறங்கூறாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். புறங்கூறுதல் பொய்யில் முழுதும் அடங்குமாயின் இரண்டாவதற்குத் தேவை என்ன? 13ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான புனித தோமா அக்குவினாரும் இவ்வழியே சிந்தித்தார். மறைவாக இருந்த உண்மையை வெளிப்படுத்தியும் ஒருவருடைய நற்பெயரைப் பறிக்க முடியும். நற்பெயர் பொருட்செல்வத்தினும் மேலானதாதலின் அதைப் பறிப்பது களவினும் கொடிது என்பது அவர் கருத்து. அதே வேளையில், தேவையான ஒரு நன்மையை முன்னிட்டு, உரிய முறையில், பிறர் குறையைச் சொல்ல நேர்ந்தால் அது குற்றமன்று என்றும் அவர் தெளிவுபடுத்தினார். ஆகவே, சொல்லப்படுவது உண்மையா என்பது முதற்கேள்வி மட்டுமே. யாரிடம் சொல்கிறோம், எதற்காகச் சொல்கிறோம் என்னும் கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

இந்த அளவுகோல் குற்றத்தை மூடி மறைப்பதற்கான போர்வையன்று. 1996 அக்டோபரில் காஸ்கோயின் தம் மனைவியைத் தாக்கினார். பின்னாளில் அதை அவரே ஒப்புக்கொண்டார். அச்செய்தி வெளிவந்தபோது அவரை நாட்டு அணியிலிருந்து நீக்க வேண்டுமென்று பலர் குரல் எழுப்பினர். ஆயினும் அடுத்த மாதமே அவர் நாட்டுக்காக ஆடினார். ‘அவர் ஒரு மேதை, அவருடைய சொந்த வாழ்க்கையில் நாம் தலையிடலாமா?’ என்று இரசிகர் சிலர் கேட்கக்கூடும். அடிபட்டவர் ஒருவர் இருக்கும்போது அது ஒருவருடைய சொந்த வாழ்க்கை மட்டுமன்று. காக்கப்பட வேண்டியவர் ஒருவர் உளர்; அவர் பொருட்டு உண்மை பேசப்பட்டே ஆகவேண்டும். அங்கே மௌனம் சாதிப்பது இரக்கமாகாது. ஆனால் அவர் நள்ளிரவில் என்ன உண்டார், எந்த மருத்துவரைக் கண்டார், போதையில் எப்படித் தள்ளாடினார் என்பனவற்றை அறிந்ததனால் யார் காக்கப்பட்டனர்? தம்மை மட்டுமே அழித்துக்கொண்டிருந்த ஒருவரின் வலுவின்மை, உதவ இயலாதவர்களின் முன் விரிக்கப்பட்டது. பிறருக்கு இழைத்த தீங்கையும் தமக்குற்ற நோயையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டதே அந்த ஏடுகளின் பெரும்பிழை என்போம்.

அடுத்து, வாங்கியவரின் பொறுப்பு. புறங்கூறுவதைத் தடுக்கக்கூடியவன் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் அவனும் அதற்கு உடன்பட்டவனாகிறான் என்றார் தோமா. இதைவிட ஆழமாக இரசிகனின் உள்ளத்தைக் காட்டியவர் புனித அகுஸ்தீனார். தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலில், நண்பர் அலிப்பியுஸைப் பற்றி அவர் சொல்கிறார். உரோமையில் மனிதரை மனிதர் வெட்டி மாய்க்கும் வாட்போர் விளையாட்டுக்கு அலிப்பியுஸை நண்பர்கள் வலிந்து இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடி அமர்ந்திருந்தார். வீரன் ஒருவன் வீழ்ந்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது. என்னவென்று பார்த்துவிட்டு வெறுத்துவிடலாம் என்று கண்ணைத் திறந்தவர், பிறகு மூடவே இல்லை. அரங்கில் வீழ்ந்தவனின் உடற்புண்ணினும் ஆழமான புண் அவர் ஆன்மாவில் பட்டது என்பது அகுஸ்தீனாரின் முடிபு. ‘பார்த்துவிட்டு வெறுத்துவிடலாம்’ என்னும் அந்த எண்ணமே நம்மையும் ஏமாற்றுகிறது. ‘அடடா, எப்படி இருந்தவர் இப்படி ஆகிவிட்டாரே!’ என்று இரங்கிக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். நம் இரக்கம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரக்கத்தால் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீரும் கிடைப்பதில்லை. ஏட்டுக்கோ மறுநாளும் ஒரு வாடிக்கையாளர் கிடைக்கிறார்.

‘எவ்வளவு உயர்ந்திருப்பார்!’ என்னும் பெருமூச்சிலும் ஒரு மயக்கம் உண்டு. அக்கொடை நமக்குச் சேரவேண்டிய கடன் என்றும், அவர் அதைத் திருப்பித் தராமல் ஏமாற்றிவிட்டார் என்றும் அதில் நாம் வழக்குரைக்கிறோம். அவர் தந்தது கொஞ்சமா? ஹென்ட்ரியின் தலைக்கு மேலே அந்தப் பந்து எழுந்ததைக் கண்டவர்கள் பெற்ற மகிழ்ச்சிக்கு யாரிடம் என்ன விலை கொடுத்தனர்? கொடையைப் பெற்றவருக்கு உரியது நன்றி, கணக்குக் கேட்பதன்று. மேலும், கால்களில் அத்தகைய கொடை இல்லாத எத்தனையோ பேர் இதே குடியால் அழிகின்றனர். அவர்களைப் பார்த்து எவரும் ‘எவ்வளவு உயர்ந்திருப்பார்’ என்று பெருமூச்சு விடுவதில்லை. காஸ்கோயின் காக்கப்பட வேண்டியவராக இருந்தது அவர் மேதையாக இருந்ததனாலன்று, மனிதராக இருந்ததனால்.

அப்படியாயின் இரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம், பேச வேண்டும். அவருடைய ஆட்டத்தை அறியாத இளையோருக்கு அதை எடுத்துச் சொல்லலாம். தம் குடிப்பழக்கத்தைப் பற்றி அவரே பொதுவில் சொன்னவற்றை, அதே போராட்டத்தில் இருக்கும் ஒருவருக்குத் துணையாக நினைவூட்டலாம். ஏடுகள் செய்த களவைக் கண்டிக்கலாம்; ஆனால் கண்டிக்கும் கையில் அந்த ஏடு இருத்தலாகாது.

நம் வீட்டுத் திண்ணையிலும் கடைத்தெருவிலும் நாளும் பேசப்படுகிறவர்கள் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அல்லர். அடுத்த தெருவில் குடிக்கு அடிமையானவர், தேர்வில் தோற்ற பிள்ளை, கணவரைப் பிரிந்து தாய்வீடு வந்த பெண் ஆகியோரே அங்குப் பேசப்படுகின்றனர். சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வாயைத் திறக்குமுன், கேட்பவர் இவருக்கு உதவக்கூடியவரா, அல்லது இவரால் தீங்குறாமல் காக்கப்பட வேண்டியவரா என்று ஒருகணம் எண்ணுவோம். இரண்டும் இல்லையெனில், அந்த உண்மை நம்மோடு நிற்கட்டும். உதவக்கூடியவர் அருகே இருந்தால், டூரின் நகரின் அந்த இரவில் லினேக்கர் செய்ததுபோல் அவர் பக்கம் திரும்புவோம். அதற்குப் பல சொற்கள் தேவைப்படுவதில்லை.