ஆடு எங்கே?

ஓவியக் கூடத்திலே உழவன் மகளுக்கு இடமுண்டா? உண்டு என்றார் பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ. கணநேர ஒளியைக் கண்டபடியே தீட்டியதற்காக ஏளனத்துக்கு ஆளான கலைஞர் குழு, பாரிசில் 1874 முதல் 1886 வரை எட்டுக் கண்காட்சிகளை நடத்திற்று. எட்டிலும் பங்கு கொண்டவர் அவர் ஒருவரே. அரசியரை அவர் நாடவில்லை. நாட்டுப்புற நங்கையரை நாடினார். 1881-இல் அவர் தீட்டிய பெண்ணொருத்தி, கையிலே கோலேந்திப் பசுமைச் சரிவிலே அமர்ந்திருக்கிறாள். ஆடு மேய்ப்பவள் என்றும் அவளை அழைப்பர்.

நாமக்கல் வட்டாரத்துப் பள்ளியொன்றிலே அப்படத்தின் நகலைக் காட்டி, "எத்துணை அழகு!" என்று வியந்து நின்றோம் நாம். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"ஆடெல்லாம் எங்கைங்க சார்? இந்தப் புள்ள இப்படி உக்காந்திருந்தா கடலைக்காட்டுல பூந்துடாதுங்களா?"

வியப்பு வெட்கமாயிற்று. ஆம், படத்தில் ஆடே இல்லை! பட்டம் பெற்ற நாம் ஒளியைக் கண்டோம். அவள் வேலையைக் கண்டாள். விடுமுறையிலே ஆட்டின் பின்னே அலைபவள் அவள். மரவள்ளி அறுவடை நாளிலே வகுப்பில் அவள் இடம் காலியாகக் கிடக்கும்.

அப்படியாயின், உழைப்பவளை அழகியாகத் தீட்டுவது பொய்யா? அன்று. சிவந்த மேனியும் பொன்னணியுமே அழகென்று நாட்காட்டிப் படங்கள் கற்பித்த நாட்டிலே, 2021-இல் மறைந்த நம் ஓவியர் இளையராஜா கறுத்த மேனிச் சிற்றூர்ப் பெண்களைத் தீட்டியது சிறு செயலன்று. இழிவென்று ஒதுக்கப்பட்ட நிறத்துக்கு அது மதிப்பளித்தது. பிசாரோவின் பெண்ணும் அமர்ந்திருக்கிறாள், எதையோ எண்ணுகிறாள். ஓய்வும் எண்ணமும் ஏழைக்கும் உரியவை என்று அவள் சொல்லாமற் சொல்லுகிறாள்.

ஆனால், மதிப்பளிப்பது வேறு; உரிமையளிப்பது வேறு. படத்திலே ஓய்வு பெற்றவளுக்குப் பாரிலே ஓய்வில்லையெனில், அந்த அழகு நம் மனச்சான்றுக்குத் தாலாட்டாகிவிடும். குற்றம் ஓவியத்திலன்று, ஓவியத்தோடு நின்றுவிடும் நம் கண்ணிலேதான்.

அச்சிறுமியிடமே தூரிகையைத் தந்தோம். தாள் முழுவதும் ஆடுகளை வரைந்தாள்.

"நீ எங்கே அம்மா?" என்றோம்.

"எடமில்லீங்க சார்" என்றாள்.

தோழர்களே! அந்த இடத்தை ஆக்கித் தருவதன்றோ நம் பணி? அறுவடை நாளிலே ஒரு மாணவியின் இடம் காலியானால், அவள் வீட்டு வாயிலுக்குச் செல்வோம், பெற்றோரிடம் பேசுவோம், கூலி போதாமையே காரணமெனில் அதற்காகவும் போராடுவோம். அழகைப் போற்றுவோர் அதைச் செய்யாவிடில், போற்றியதுதான் எதற்கு?