வியர்வைக்கு யார் வெட்கப்படுவது?

குதிரை வாங்கப் புறப்பட்ட பாண்டிய நாட்டு மந்திரி, குதிரையை மறந்து கோவில் கட்டிய ஊர் என்று ஆவுடையார்கோவிலைப் பற்றிச் சொல்லுவார்கள். திருப்பெருந்துறை என்பது அதன் பழைய பெயர். மந்திரி மாணிக்கவாசகரான கதை நமக்கெல்லாம் தெரியும். இன்றைக்கு அந்த ஊருக்கு வேலை நிமித்தம் வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு இரும்புக் குதிரைதான் வாகனம். அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். வழியெல்லாம் கண்மாய்க்கரை, சீமைக் கருவேலம், பொட்டல். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சைக்கிள் மிதித்து வருகிறவர் எவ்வளவு குளித்துவிட்டுப் புறப்பட்டாலும் நனைந்துதான் வந்து சேருவார்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓர் அலுவலகம். கிராமத்திலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண் படியேறி வந்து கையெழுத்துப் போடக் குனிகிறாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மூத்தவள் கேட்கிறாள்:

"என்னடி, கம்மாயில விழுந்து எந்திரிச்சு வர்றியா?"

"இல்லக்கா, சைக்கிள்ல வந்தேன்."

"அதுக்கு? கொஞ்சம் தள்ளி உட்காரு. வாடை இங்கே வரைக்கும் அடிக்குது."

சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள். அப்புறம் அன்று முழுவதும் அவள் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறாள்.

இவர்களில் யார் பக்கம் நியாயம்? உழைக்கிறவன் வியர்வை சந்தனமாய் மணக்கும் என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் அறிவேன். அவர்கள் பேசிவிட்டுக் காரில் ஏறிக்கொள்கிறார்கள். ஒரே அறையில் எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார வேண்டியவளுக்கு அந்தக் கவிதை உதவாது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைக்கூடப் பொத்திக்கொள்ளலாம், மூக்கை எவ்வளவு நேரம் மூடுவது? மூத்தவளின் சங்கடம் பொய்யல்ல. அவள் அதற்குச் சொன்ன காரணந்தான் பொய். 'இவள் சுத்தமில்லாதவள்' என்பதுதானே அந்தக் கேள்வியின் உட்பொருள்?

உடம்பின் தொழிலைக் கொஞ்சம் பார்ப்போம். புதிதாக ஊறும் வியர்வைக்கு அநேகமாக மணமே கிடையாது. பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. தோலின் மேல் எப்போதும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், முக்கியமாக அக்குளில் சுரப்பதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அதற்கு நேரம் வேண்டும். ஈரம் உலராத துணி வேண்டும். பருத்தியைவிட பாலியெஸ்டர் வாடையை அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலிவாகக் கிடைப்பது, கசங்காதது, இஸ்திரி வேண்டாதது என்று ஏழைக் குமாஸ்தா வாங்குவது எந்தத் துணி என்று சொல்ல வேண்டியதில்லை. கொரியாவிலும் ஜப்பானிலும் பெரும்பாலோருக்கு அக்குள் வாடை மிகக் குறைவு. அது அவர்களுடைய ஒழுக்கத்தின் உயர்வு அல்ல. பிறவியிலேயே வரும் ஒரு மரபணுவின் வேறுபாடு.

இன்னொரு விசித்திரம், சைக்கிள்காரர்களுக்கு மட்டும் தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வரை எதிர்காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வரும். இறங்கி ஸ்டாண்டு போட்டு நிறுத்தியதும்தான், அணை திறந்த மாதிரி, கொட்டத் தொடங்கும். கடைசி அரை மைலை மெதுவாக மிதித்து, வந்த பிறகு பத்து நிமிஷம் நிழலில் நின்று, ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டு, பையில் கொண்டுவந்த மாற்றுத் துணியை உடுத்தினால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். நாவிதர் கடைப் படிகாரக் கட்டியை நனைத்து அக்குளில் தடவுவது பலருக்குக் கைகண்ட உபாயம். ஒன்றை மட்டும் செய்யக்கூடாது: ஊறிய வியர்வையின் மேல் சென்ட் அடித்துக்கொள்வது. அது இரண்டு வாடைகளுக்கும் கல்யாணம் செய்து வைப்பது போல.

இவற்றைச் செய்வது சைக்கிளில் வருகிறவரின் கடமை என்றே நினைக்கிறேன். பக்கத்தில் இருப்பவரை மதிப்பது அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் கணக்குப் பாருங்கள். பத்து நிமிஷம் வேண்டும். வருகைப் பதிவேடு அதைத் தருவதில்லை. தண்ணீர் வரும் குழாய் வேண்டும். ஆணாயிருந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயடியிலேயே முதுகைத் துடைத்துக்கொள்ளலாம். பெண்ணுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டும். சைக்கிளுக்குக் கொட்டகை போட்ட கட்டடங்களில்கூட, அதை மிதித்து வந்தவளுக்கு அந்தக் கதவு இருக்கிறதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராயிருந்த ஷீலாராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஊர் ஏளனத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸுக்காகவும் அண்ணன் தம்பிக்காகவும் காத்திராமல் தானே போய்த் தானே திரும்பும் சுதந்திரம் அது. 'வாடை அடிக்குது' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி அவர்களில் ஒருத்தி சைக்கிளை வீட்டில் சாத்திவிட்டால் நஷ்டம் எவ்வளவு என்று அந்த மூத்தவள் யோசித்திருப்பாளா?

உடம்பின் தூய்மைக்குத் தண்ணீர், உள்ளத்தின் தூய்மைக்கு வாய்மை என்று வள்ளுவர் இரண்டையும் வேறு வேறாக வைத்தார். நாமோ தண்ணீர்ப் பஞ்சத்தைக் குணத்தின் பஞ்சமாகப் படித்துவிடுகிறோம். இது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளுக்கு, உழைக்கும் மக்கள் நாறுகிறவர்கள் என்று சிறுவயதிலேயே புகட்டப்பட்டதை ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளிவந்த தம் நூலில் ஒளிக்காமல் எழுதினார். அமெரிக்காவில் 1919இல் ஒரு வியர்வைத் தடுப்பு மருந்துக் கம்பெனி, பெண்களுக்கு அவர்கள் அக்குளைப் பற்றிப் பயமூட்டி ஒரு பத்திரிகை விளம்பரம் போட்டது. மனம் புண்பட்டுச் சந்தாவை நிறுத்தினவர்கள் உண்டு. ஆனால் மருந்தின் விற்பனை ஓராண்டில் இரண்டு மடங்கைத் தாண்டியது. வெட்கம் நன்றாக விலை போகும் சரக்கு.

ஆவுடையார்கோவில் மூலஸ்தானத்தில் லிங்கம் இல்லை. ஆவுடையார் மட்டும் உண்டு. உருவமில்லாத அந்த ஆத்மநாதருக்குப் புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொதிக்கக் கொதிக்க முன்னாலுள்ள படைகல்லில் பரப்புகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் நைவேத்தியம். கூடவே கீரையும் பாகற்காயும். பெரும்பாலான கோவில்களில் பச்சரிசி. இங்கே வயலில் இறங்குகிறவர்கள் சாப்பிடும் புழுங்கல். அதன் வாடைக்கு முகம் சுளிக்கிற பட்டணத்துக்காரர்களை எனக்குத் தெரியும். சந்நிதியில் அதே வாடையைக் கைகூப்பி முகர்ந்துவிட்டு வருகிறார்கள்! மூக்கு ஒன்றுதான், அது நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

சுரங்கத் தொழிலாளிகளுடைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் கரியும் வியர்வையுமாய் அவர்கள் வீடு திரும்புவதைப் பற்றி எத்தனையோ பேர் முகம் சுளித்தார்கள். பிரிட்டனில் 1926இல் வந்த சட்டம் சுளிப்பதோடு நிற்கவில்லை. நிலக்கரி நிலத்தின் சொந்தக்காரர்கள் பெறும் உரிமைத் தொகையில் ஒரு பங்கை வரியாக வாங்கி, சுரங்க வாசலிலேயே குளியலறைகள் கட்டச் செய்தது. வெந்நீர், துணி வைக்கத் தனித் தனி அலமாரி. குளித்து மாற்றுடை போட்டுக்கொண்டு அவர்கள் பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்று ஆயிற்று. வீட்டில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்த மனைவிக்கும் ஓய்வு கிடைத்தது.

நம் அலுவலகத்துக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு வாளி, ஒரு குழாய், துணி மாட்ட ஓர் ஆணி, உள்ளே தாழ்ப்பாள். மூத்தவள் மேலதிகாரியிடம் போய் இதைக் கேட்டால் கிடைக்கலாம். அவள் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது. புதிதாக வந்த பெண் கேட்டால் சிரிப்பார்கள்.