குன்றத்தூரில் முருகப்பெருமான் ஏன் தங்கினார்?

ஓம் சரவணபவ!


"அண்ணா, திறமைங்கிறது முருகன் கொடுத்த வரம். அதை சும்மா வெச்சா பாவம் இல்லையா?"

கேட்டது நம்ம செம்பாக்கத்துத் தம்பி ஒருத்தர். வீடியோ எடிட்டிங் செய்பவர். பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் பஜனைப் பாடல்களுக்குப் படம் சேர்க்கும் வேலை. இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே கை ஓட மாட்டேங்குது, பிடித்த பாட்டு கூட எரிச்சலாக இருக்கிறது என்கிறார். வீட்டில் "இந்த வயசுல என்னடா அசதி?" என்று கேட்கிறார்களாம்.

பாட்டு எழுதுபவர், நாகஸ்வரம் வாசிப்பவர், சுவாமிக்கு அலங்காரம் செய்பவர் என்று எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். பதிலைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம ஊருக்குத் தெற்கே திருப்போரூர், வடமேற்கே குன்றத்தூர், அதையும் தாண்டிப் போனால் திருத்தணி. திருப்போரூரில் அசுரரோடு போர் புரிந்து வென்ற முருகப்பெருமான், திருத்தணிக்குப் போகும் வழியில் குன்றத்தூர் மலையில் தங்கி சிவபூஜை செய்தார் என்பது தலபுராணம். அவர் பூஜித்த ஈசன்தான் கந்தழீஸ்வரர். பிறகு திருத்தணியில் சினம் தணிந்து அமர்ந்தார். அதனால்தான் கந்த சஷ்டிக்கு மற்ற தலங்களில் சூரசம்ஹாரம் நடக்க, தணிகையில் மட்டும் புஷ்பாஞ்சலி.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் போர், அப்புறம் தங்கல், கடைசியில் தணிவு. ஜெயித்த கையோடு அடுத்த போருக்கு அவர் ஓடவில்லை. சர்வ வல்லமை உள்ளவருக்கே நடுவில் ஒரு தங்கல் இருக்கிறது என்றால், நமக்கு வேண்டாமா?

தினமும் ராத்திரி பள்ளியறை பூஜை முடிந்து கோயில் நடை சாத்துகிறோம். அதற்காக சுவாமியை யாராவது சோம்பேறி என்கிறோமா? நடை சாத்துவதும் பூஜையில் ஒரு பகுதிதான். ஓய்வும் அப்படித்தான். வேலை எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும் கூலி அல்ல அது, வேலைக்குள்ளேயே ஒரு அங்கம்.

பாம்பன் சுவாமிகள் வாழ்க்கையைப் பாருங்கள். சண்முக கவசம் உட்பட 6666 பாடல்கள் தந்த மகான். 1923 டிசம்பரில் சென்னை தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி அவர் கால் முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தார். அப்போது அவர் சீடர் ஒருவர் குருவுக்காகச் சண்முக கவசத்தைப் பாராயணம் செய்தார். பாடியவர் படுத்திருக்க, அவர் பாட்டை இன்னொரு வாய் பாடியது! 1924 ஜனவரியில் அந்தப் படுக்கையில் இருந்தபடியே சுவாமிகளுக்கு மயில் காட்சி கிடைத்தது. இன்றும் திருவான்மியூரில் மயூர வாகன சேவனமாகக் கொண்டாடுவது அந்தக் காட்சியைத்தான். ஒரு நூலை எழுதி முடித்த நாளை அல்ல, எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்த ஒரு நாளைத்தான் அடியார்கள் திருநாளாக வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

சரி, அப்படியானால் சோம்பலையும் ஓய்வு என்று சொல்லிவிடலாமா? கூடாது. சோம்பேறிக்கு வேலையைப் பற்றிக் கவலை இல்லை. சோர்ந்தவருக்கோ படுத்தாலும் மனசு வேலையைச் சுற்றியே ஓடும். உலக சுகாதார நிறுவனமே 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல், வேலைச் சுமையால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்பு, முன்போல் செய்ய முடியாமல் போவது, இந்த மூன்றும் அடையாளம். தம்பி சொன்னதும் இதேதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருப்போரூரில் முருகன் அழித்தது ஆணவத்தை என்பார்கள் பெரியோர். 'நான் நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும்' என்ற நினைப்பும் ஒருவகை ஆணவம்தான். ஆனால் அந்த நினைப்பை அவர் தலையில் ஏற்றுவது யார்? "உன்னை விட்டா யாரும் இல்லப்பா" என்று அன்பாகச் சொல்லியே ஒருத்தர் மேல் எல்லாவற்றையும் ஏற்றுகிற நாமும்தானே! வீட்டுக் கடன் இருப்பவரால் கம்பெனி வேலையை விட முடியாது. சேவை என்ற பெயரில் நாம் தரும் சுமையையாவது இறக்கி வைக்கலாம் இல்லையா?

அதனால் தம்பிக்குச் சொன்னேன்: "வரம் கொடுத்தவன் வட்டி கேட்கிற கடன்காரன் இல்லப்பா. ரெண்டு கிருத்திகை போகட்டும். வீடியோ இல்லாட்டியும் முருகன் கோச்சுக்க மாட்டான். நீ வந்து கடைசி வரிசையில உட்கார்ந்து சும்மா கேளு, போதும்." அந்த வேலையை அதுவரை வேறு இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்வது அவ்வளவு அழகாக இருக்காது. இருக்காவிட்டால் என்ன?

உங்கள் வீட்டிலும், உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். "ஏன் இன்னும் முடிக்கல?" என்று கேட்பதற்கு முன், "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று ஒரு தடவை கேளுங்கள். அதுவும் முருகனுக்குச் செய்யும் தொண்டுதான்.

வேலும் மயிலும் துணை.
முருகா சரணம்!

(ஓய்வு தேவைப்படும் ஒருவருக்கு இதை அனுப்பி வையுங்கள்.)