ஒற்றியூர்ச் செக்கும் சுங்க வாயிலும்

திருவொற்றியூர்ப் பெருவழியில் டோல்கேட் என்னும் இடம் உளது. முன்னாளில் சுங்கம் தண்டிய வாயிலின் பெயர் அது. வாயில் மறைந்தும் பெயர் மறைந்திலது. 2021-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மெட்ரோ இரயில் நிலையமும் அப்பெயரே தாங்கியுள்ளது. சுங்கம் இறுத்தார் கடப்பர், இறுக்கமாட்டாதார் நிற்பர். இஃது இக்காலத்துப் பெருவினா ஒன்றனை நினைவூட்டும்.

ஒருவன் தன் முயற்சியால் மேலேற வழியிருக்குமாயின், செல்வர்க்கும் வறியர்க்கும் இடையே எத்துணை வேற்றுமை இருப்பினும் குற்றமின்று என்பர் ஒரு சாரார். ஏறுவார் சிலர், நிற்பார் பலர். ஆகலின் அவ்வேற்றுமையே முறைகேடு என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் சைவர் கொள்ளத்தக்கது யாது?

விடை அவ்வூர் வரலாற்றிலேயே உளது. ஒற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வாணிக மரபில் தோன்றிய கலிய நாயனார் பெருஞ்செல்வர். திருக்கோயிலில் அல்லும் பகலும் விளக்கெரித்தவர். அவர்தம் தொண்டின் பெருமையை உலகறியச் செய்ய இறைவன் திருவுளங்கொள்ள, அச்செல்வம் ஒழிந்தது. மரபினரிடம் எண்ணெய் பெற்று விற்றுக் கூலி கொண்டார். அவர் கொடாதொழியவே, செக்காடும் கூலியாளாயினார். அத்தொழில் செய்வார் பலராகவே அக்கூலியும் கிடையாதாயிற்று என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் செய்தி. முடிவில், எண்ணெய்க்கு ஈடாக உதிரத்தை நிறைக்கத் துணிந்து மிடற்றை அரியப் புக்கார். இறைவன் அக்கையைப் பிடித்தருளினார்.

செல்வராய் இருந்தவரும் செக்காடியவரும் ஒருவரே. அன்பு குறைந்திலது, முயற்சி குறைந்திலது, கூலியே இல்லையாயிற்று. ஆகலின், ஏறாதார் எல்லாம் முயலாதார் என்னும் கூற்று நாயனார்முன் நில்லாது.

அற்றேல், இன்பதுன்பங்கள் வினைவழியன என்னும் சித்தாந்தம் என்னாம் எனின், கூறுதும். வினை சடம், அதனை அறிந்து ஊட்டுவோன் இறைவன் ஒருவனே. பிறர் வினைக்கணக்கு நம் கையில் இல்லை. தன் துன்பத்தைத் தன் வினைப்பயனெனப் பொறுத்தல் தவம். பிறன் துன்பத்தை அவன் வினைப்பயனெனக் கண்டு வாளா இருத்தல் கொடுமை. நாயனார் தம் வறுமைக்கு நொந்திலர் என்பதனால், அவர்க்கு எண்ணெய் மறுத்தார் செயல் அறமாகிவிடாது.

அன்றியும், வேற்றுமை மிகுமிடத்து ஏற்றமும் அரிதாகும். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அடிநிலைக் குடும்பத்தின் வழியினர் நாட்டின் சராசரி வருவாயை எய்த, வேற்றுமை குறைந்த டென்மார்க்கில் 2 தலைமுறையும், இந்தியாவில் 7 தலைமுறையும், வேற்றுமை மிக்க கொலம்பியாவில் 11 தலைமுறையும் ஆகும். ஏறினார் சிலரைக் காட்டி வேற்றுமையைப் பொறுக்கச் சொல்லுதல், படிகளை அகற்றிவிட்டு ஏணியைப் புகழ்தல் போலும்.

ஆகவே ஒரு சமுதாயத்தின் நேர்மையை, வாயிலைக் கடந்தார் செல்வத்தால் அன்றி, செக்கடியில் நிற்பார் பெறும் கூலியால் அளத்தல் வேண்டும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகமும் ஆலைகளும் நெருங்கிய அந்நிலத்தில், நாட்கூலியை நம்பி நிற்பார் இன்றும் பலர். ஆடிக் கேட்டையில் கலிய நாயனார்க்குக் குருபூசை இயற்றும் அன்பர், திருவிளக்கு ஏற்றுமுன், தம்பால் வேலை செய்தார்க்கு உரிய கூலி அவர் கை சேர்ந்ததோ என்று ஒருகால் நினைவாராக.

திருச்சிற்றம்பலம்.