தவறைச் சொல்லுதல்

2017 டிசம்பர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஓர் ஆஸ்பத்திரி. பதற்றம் தணிக்கும் மருந்தெடுக்க, நர்ஸ் ஒருத்தி மருந்து அலமாரி இயந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினாள். கைக்கு வந்தது தசைகளை முடக்கும் வேறு மருந்து. மூடியில் எச்சரிக்கை இருந்தது; படிக்கவில்லை. நோயாளி இறந்தாள். நர்ஸ் தன் தவறைத் தானே சொன்னாள். 2022இல் கோர்ட் அவளைக் குற்றவாளி என்றது.

நோயாளி, மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம் – ஐந்தும் சரிதானா என்று பார்ப்பது நர்ஸ்களின் பாலபாடம். மனப்பாடம் கவனமாகிவிடாது. வங்கியில் என் பிழை, சாயங்காலம் கணக்கு டேலி ஆகாதபோது பிடிபடும். ஊசிக்குச் சாயங்காலம் இல்லை. போட்டவள் சொன்னால்தான் தெரியும். தெரிந்தால்தான் அடுத்த உயிர் தப்பும்.

தண்டனை கவனக்குறைவுக்கா, வாய்திறந்ததற்கா? சட்டம் முன்னதைச் சொல்லும். வேறொரு வார்டில், தவறான புட்டியோடு தனியே நிற்பவள் காதில் பின்னதுதான் விழும்.