இருளிலும் அணையாத நம்பிக்கை

ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்தவ அன்பர் ஒருவர் ஆலயத்தில் அமர்ந்திருக்கிறார். பல ஆண்டுகளாகத் தவறாமல் வருபவர்தான். பாடல்கள் ஒலிக்கின்றன, மறையுரை நடைபெறுகிறது. ஆனால் அவரது உள்ளம் வறண்ட நிலமாகக் கிடக்கிறது. முன்வரிசையில் இருப்பவரோடு பழைய மனக்கசப்பு ஒன்று. பங்கின் நிர்வாகப் பூசல்களோ இன்னொரு புறம். ‘இங்கே ஏன் வருகிறோம்? இதுவரை நம்பியதெல்லாம் உண்மைதானா?’ என்ற கேள்வி அவருள் எழுகிறது. கேள்வி எழுந்ததே பாவம் என்று எண்ணி, அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறார்.

இத்தகைய துன்பம் எந்தச் சமயத்தைச் சேர்ந்த சாதகருக்கும் வரக்கூடியதே. கிறிஸ்தவ அருளாளர்கள் சிலர் அதை எதிர்கொண்ட விதம் நம் அனைவருக்கும் தெளிவு தரவல்லது.

தோமையார் இருந்த இடம்

உயிர்த்தெழுந்த இயேசுபிரான் சீடர்களுக்கு முதன்முறை காட்சியளித்தபோது தோமையார் அவர்களோடு இல்லை என்கிறது யோவான் நற்செய்தி. மற்றவர்கள் மகிழ்ச்சியோடு அதைச் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. ஆணிகளின் தழும்பைக் கண்டு, அதில் விரலை இட்டுப் பார்த்தால் அன்றி நம்ப முடியாது என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். ‘சந்தேகப் பேர்வழி’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

ஆனால் அடுத்து வரும் செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. எட்டு நாட்கள் கழித்துச் சீடர்கள் கூடியிருந்த அறையில் தோமையாரும் இருந்தார். நம்பாத ஒருவரை அவர்கள் வெளியேற்றவில்லை. அவரும் அவர்களைத் துறந்து செல்லவில்லை. இயேசுபிரான் மீண்டும் வந்தபோது, அவர் எந்தச் சான்றைக் கேட்டாரோ அதையே அவர்முன் நீட்டினார். ஐயத்தை மறைக்காமல் சொன்னதும், சொன்ன பிறகும் அங்கேயே இருந்ததும் அவருக்கு வழி திறந்தன.

மடத்திற்குள் ஒரு தவம்

‘சிறுமலர்’ என்று அன்போடு அழைக்கப்படும் புனித தெரேசா 1873-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் பிறந்தார். நான்கு வயதிலேயே தாயை இழந்தார். 1888-இல், தமது 15-ஆம் வயதில், லிசியே நகரிலுள்ள கார்மேல் துறவு மடத்தில் சேர்ந்தார். அமைதி தேடித்தான் சென்றார். அங்கே அவருக்குக் கிடைத்தவர்களோ குறைநிறைகள் உள்ள சாதாரண மனிதர்கள்.

துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி ஒருவர் அழுக்கு நீரை அவரது முகத்தில் தெறிக்கவைத்தார். தியான வேளையில் பின்னால் இருந்த இன்னொரு சகோதரி ஓயாமல் எழுப்பிய சிறு ஓசை அவரது மனத்தை அலைக்கழித்தது. நடக்க இயலாத முதிய சகோதரி ஒருவரை மாலைதோறும் உணவுக்கூடத்திற்குக் கைபிடித்து அழைத்துச் சென்றார். அம்மூதாட்டியோ வேகமாக நடந்தாலும் குறை சொன்னார், மெதுவாக நடந்தாலும் குறை சொன்னார். ரொட்டியைத் துண்டுகளாக்கிக் கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையையும் அளித்த பின்னரே தெரேசா அங்கிருந்து அகலுவார். மடத்திலிருந்த ஒருவரின் இயல்பு அவருக்கு அறவே பிடிக்கவில்லை. அவரிடமே அதிகப் பரிவு காட்டினார். ‘என்னிடம் உங்களுக்கு இவ்வளவு பிரியம் ஏன்?’ என்று அந்தச் சகோதரியே வியந்து கேட்கும் அளவுக்கு அவரது அன்பு இருந்தது.

தியானத்தில் பல ஆண்டுகள் அவர் உறங்கிவிட்டதும் உண்டு. அதற்காக அவர் மனமுடையவில்லை. குழந்தை விழித்திருந்தாலும் உறங்கினாலும் பெற்றோரின் அன்பு குறைவதில்லை அல்லவா என்று தேறிக்கொண்டார். இறைவனைக் கண்டிப்பான நீதிபதியாகவே பலர் அஞ்சிய காலத்தில் இந்த எண்ணம் பிறந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளி மறைந்த நாட்கள்

1896-ஆம் ஆண்டு புனித வியாழன் இரவில் அவருக்கு முதன்முதலாக இரத்தம் கலந்த இருமல் வந்தது. காசநோய் அவரைப் பற்றியிருந்தது. விரைவில் இறைவனிடம் சேரப்போகிறோம் என்று முதலில் அவர் மகிழ்ந்தார். ஆனால் அந்த ஈஸ்டர் காலத்திலேயே அகத்தில் பேரிருள் கவிந்தது. சொர்க்கம் என்ற ஒன்று உண்டா, மரணத்திற்குப் பின் வெறும் சூனியம்தானா என்ற ஐயம் அவரை வதைத்தது. ஏறத்தாழ 18 மாதங்கள், 1897 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் மறையும்வரை, அந்த இருள் பெரும்பாலும் விலகவில்லை.

அவர் என்ன செய்தார்? ஐயத்தோடு வாதாடி வெல்ல முயலவில்லை. அதை மறைத்துக்கொண்டு வேடமும் போடவில்லை. தம் நிலையை ஆன்மிக வழிகாட்டியிடம் கூறினார். மடத்தலைவிக்கு எழுதிய பக்கங்களில் பதிவும் செய்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். உடல் இடம்கொடுத்தவரை பிரார்த்தனையையும் பணிகளையும் தொடர்ந்தார்.

அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று அவருள் நிகழ்ந்தது. இறைநம்பிக்கை இல்லாதவர்கள் உண்மையில் இருக்க முடியாது, தம் உள்மனத்திற்கு மாறாகவே அவர்கள் பேசுகிறார்கள் என்று முன்பு அவர் கருதியிருந்தார். தமக்கே இருள் வந்தபோதுதான் அவர்களது நிலையை உணர்ந்தார். அவர்களைக் குற்றம் சாட்டுவதை விடுத்து, அவர்களது பந்தியிலேயே தாமும் ஒருவராக அமர்ந்து அவர்களுக்காக மன்றாட முன்வந்தார். ஐயம் அவரை இறைவனிடமிருந்து பிரிக்கவில்லை. மனிதர்களிடம் நெருங்கச் செய்தது. இறைவனை நேசிப்பதாகச் சொன்னதே அவரது இறுதி வாக்காக அமைந்தது. 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. 1997-இல் மறைவல்லுநர் என்ற சிறப்பையும் அளித்தது.

கல்கத்தாவில் அதே இருள்

இந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியவரே அன்னை தெரேசா. 1948-இல் தாம் வாழ்ந்த மடத்தை விட்டுக் கல்கத்தாவின் சேரிகளுக்குச் சென்ற அவரையும், பணி தொடங்கிய காலத்தையொட்டியே அகவிருள் சூழ்ந்தது. 2007-இல் அவரது கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. புன்னகை மாறாத அந்த முகத்திற்குப் பின்னால், இறைவன் தம்மைக் கைவிட்டாரோ என்ற வேதனை பல்லாண்டுகள் இருந்திருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் அவருக்கு ஆறுதல் அளித்தவர் யோசேப் நாய்னர் என்ற இயேசு சபைத் துறவி. இந்த இருள் அன்னையின் குற்றத்தால் விளைந்தது அன்று என்றும், இறைவனுக்காக அவர் ஏங்குவதே இறைவன் மறைந்து உறைவதற்கு அடையாளம் என்றும் நாய்னர் விளக்கினார். தண்ணீரையே அறியாதவனுக்குத் தாகம் எப்படி வரும்? இருள் விலகாவிட்டாலும் அதை ஏற்கும் வலிமை அன்னைக்குக் கிடைத்தது.

நமக்குரிய பாடம்

ஐயம் எழுந்த நாளில் ஆலயத்தையும் பிரார்த்தனையையும் அவசரப்பட்டுக் கைவிட வேண்டியதில்லை. நீண்ட பிரார்த்தனை இயலாவிட்டால், சிறியதொரு பிரார்த்தனையை உண்மையோடு செய்தால் போதும். பக்குவமுள்ள ஒருவரிடம் மனம் திறந்து பேசுவது நலம். உறக்கமும் உணவும் குன்றி, வாழ்வே வெறுத்துப்போகும் நிலை ஏற்பட்டால் மருத்துவரை நாடுவதும் இறைவன் காட்டிய வழியே.

ஒன்றை மட்டும் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். முகத்தில் தெறித்த நீரைத் தெரேசா பொறுத்துக்கொண்டார் என்பதால், சமயத்தின் பெயரால் நிகழும் கொடுமைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பொருளாகாது. பிறரது குணக்கோளாறுகளைச் சகிப்பது தவம். எளியவருக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பதோ தவமாகாது. அதை எடுத்துரைப்பதே அன்பின் கடமை. அநீதிக்கு உள்ளானவர் அந்த இடத்தை விட்டு விலகுவதும் இறைவனை விட்டு விலகுவதாகாது.

அன்பர்கள் கூடும் இடத்தில் இருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. ஐயத்தோடு வருபவரை ஏளனமாகப் பார்க்காதிருப்போம். தோமையாருக்கு அந்த அறையில் இடம் இருந்தது. எட்டாம் நாள்வரை அவருக்கு இடமளித்துக் காத்திருந்தார்கள் நண்பர்கள். நம் அருகில் மௌனமாக அமர்ந்திருப்பவருக்கு அந்த எட்டாம் நாள் இன்னும் வரவில்லை போலும். அதுவரை அவருக்கு இடமளித்து, அவரோடு சேர்ந்து நாமும் காத்திருப்போம்.